நிலை தெரியாதவர்கள் பட்டியலில் வராதது ஏன்? தரவுத்தளம் பராமரிப்போருக்குச் சில குறிப்புகள்

காணாமலாக்கப்பட்டவர்களின் விபரங்கள் உள்ள ஒரு தரவுத்தளத்தில் 'நிலை' என்றொரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிலருக்கு 'உயிருடன் உள்ளார்', சிலருக்கு 'இறந்துவிட்டார்', மிகுதிப் பேருக்கு வெறுமை. 'இறந்துவிட்டார் என்று பதியப்படாத எல்லோரையும் காட்டு' என்று கேட்டால் உயிருடன் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். நிலை தெரியாதவர்கள், அதாவது யாருக்காக அந்தத் தரவுத்தளம் தொடங்கப்பட்டதோ அவர்கள், ஒருவர்கூட வரமாட்டார்கள்.

இது மென்பொருளின் கோளாறு அல்ல. அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் தரவுத்தளங்களில் இந்த வெறுமைக்கு 'நல்' என்று பெயர். அது பூச்சியமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. 'தெரியாது' என்பதே அதன் பொருள். தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்றே வரும். 'ஆம்' என்று விடை வரும் நிரைகளை மட்டுமே தரவுத்தளம் காட்டும். ஆகவே 'அல்லது நிலை நல்லாக உள்ளோர்' என்று கேள்வியிலேயே சேர்க்க வேண்டும். 'நிலை தெரியாது' என்பதை ஒரு பெறுமதியாகவே பதிந்து, அந்த நிரலை வெறுமையாக விட அனுமதிக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கட்டுரைகளுக்காகத் தகவல் தேடிப்போகும் இடங்களில் இவ்வாறான பட்டியல்களோடு நான் அதிகம் மினக்கெடுகிறேன். சங்கங்களும் சிறு அமைப்புகளும் கொப்பியிலிருந்து எக்செலுக்கும், அங்கிருந்து தரவுத்தளத்துக்கும் மாறுகின்றன. பராமரிப்பவர் பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு தம்பியோ தங்கச்சியோதான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

திகதியில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். '2009 மே, வட்டுவாகல் பாலம் தாண்டிய அன்று' என்று ஒரு தாய் சொல்கிறார். திகதி நிரலோ நாளும் கேட்கிறது. பதிபவர் மே 1 என்று போட்டுவிடுகிறார். சில வருடங்களின் பின் அது உறுதியான திகதியாகவே வாசிக்கப்படும். வேறோர் இடத்தில் அதே தாய் சொன்ன திகதியோடு முரண்படவும் கூடும். 'இந்த நாளுக்கு முன் அல்ல', 'இந்த நாளுக்குப் பின் அல்ல' என்று இரண்டு திகதி நிரல்கள் வைத்து, அவர் சொன்ன சொற்களை மூன்றாவது நிரலில் அப்படியே எழுதி வையுங்கள்.

தமிழ் எழுத்து தனிக்கதை. பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யுனிகோட்டுக்கு மாற்றாமல் தேட முடியாது. மாற்றிய பின்னும் தொல்லை முடிவதில்லை. 'கொ' என்பதை ஒரே கொம்புக்குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். 'ஸ்ரீ'க்கும் இரண்டு குறிமுறைகள் உண்டு. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'சௌ'வில் கொம்புக்குப் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீதரனைத் தேடி 'இல்லை' என்று விடை வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பதியும்போதே எழுத்துகளைச் சீராக்குங்கள். போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு உள்ளது. அது 'கொ'வைச் சரிசெய்யும். 'ஸ்ரீ'யையும் 'சௌ'வையும் நீங்களே தனி விதி எழுதித்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது இரட்டைப் பதிவுகள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒரே குடும்பம் பல இடங்களில் முறைப்பாடு கொடுத்திருக்கும். ஆங்கிலத்தில் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் நிற்கும். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முன் பிறந்தவரின் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருக்கும். தேசிய அடையாள அட்டை இலக்கம் உதவும், ஆனால் அதிலும் இரண்டு வடிவங்கள். பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் 12 இலக்க வடிவம் கிடைக்கும். ஒப்பிட இது போதும். ஆனால் அதையே முதன்மைச் சாவியாக வைக்காதீர்கள். காணாமல் போன பிள்ளைகளுக்கு அடையாள அட்டையே இருந்ததில்லை.

ஆட்களுக்கு ஓர் அட்டவணை, முறைப்பாடுகளுக்கு இன்னொன்று என்று பிரித்தால் ஒருவருக்கு எத்தனை முறைப்பாடும் இருக்கலாம். ஒரே ஆள்தான் என்று குடும்பத்திடம் கேட்டு உறுதிசெய்யும்வரை எந்த நிரையையும் அழிக்காமல், 'இவராக இருக்கலாம்' என்று இணைத்து மட்டும் வையுங்கள். ஆளை அழித்தால் அவருடைய முறைப்பாடுகளும் சேர்ந்து அழியும் 'காஸ்கேட்' என்ற ஏற்பாட்டை இப்படியான தரவுத்தளத்தில் பாவிக்கவே கூடாது என்பது என் கருத்து.

மாற்றம் செய்யும்போது 'அப்டேட்', 'டிலீட்' கட்டளைகளுக்கு முன் அதே நிபந்தனையோடு 'செலெக்ட்' போட்டு எத்தனை நிரைகள் வருகின்றன என்று பாருங்கள். 'பிகின்' என்று தொடங்கினால், எண்ணிக்கை பொருந்தாதபோது 'ரோல்பாக்' செய்து மீளலாம்.

பிரதி எடுப்பதை எல்லோரும் சொல்வார்கள். மீட்டுப் பார்ப்பதைச் செய்பவர்கள் குறைவு. 2017 ஜனவரியில் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேவையகத்தில் கோப்புகளை அழித்தபோது, பல வழிகளில் எடுக்கப்பட்டதாக நம்பிய பிரதிகள் வேலை செய்யவில்லை. சுமார் 6 மணித்தியாலம் பழைய பிரதி ஒன்றே கைகொடுத்தது. எங்கள் நாட்டில் 2023இல் அரச மின்னஞ்சல் தொகுதி தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இல்லாமல் போயின. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. மாதம் ஒருமுறையாவது வேறொரு கணினியில் பிரதியை மீட்டு, நிரைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பிரதியை இணையத்தோடு இணைக்காமல் வேறு கட்டடத்தில் வையுங்கள்.

அந்தப் பிரதி யார் கைக்கும் போகலாம் என்பதால் குறியாக்கம் செய்தே வையுங்கள். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். இயக்கப் பெயர், சாட்சி சொன்னவரின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் வைத்து, தரவு பதிபவருக்கும் அறிக்கை எழுதுபவருக்கும் அவை தெரியாத 'வியூ' ஒன்றை மட்டும் திறந்துவிடுங்கள். என்னைப் போன்ற ஊடகவியலாளர் வந்து கேட்டாலும் அந்த 'வியூ' மட்டும்தான்.