தரைக்கு அடியில் ஒரு சரித்திரம்

குளிர் நாட்டில் கடை வைப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாசற்கதவு ஓயாமல் திறந்து மூடினால்தான் வியாபாரம். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று தெருவுக்குப் போய்விடும். மிச்சமிருப்பதும் கூரைக்கு ஏறிவிடும். சாமான் வாங்க வந்தவரின் கால் மட்டும் விறைத்துப் போகும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்க் கடைக்குள் நுழைந்தேன். கணப்பு எதையும் காணோம். ஆனால் நனைந்த ஜோட்டின் வழியே இதமான சூடு ஏறியது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன என்றார் கடைக்காரர். பின்கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு பெட்டியையும் காட்டினார். அதில் ஒரு பெரிய விசிறி சுழன்றது. அது தள்ளிய காற்றோ தெருக்காற்றைவிடக் குளிராக இருந்தது. "இந்தக் குளிரிலிருந்துதான் சூட்டை எடுக்கிறோம்" என்றார்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன்தான் நான். ஆனாலும் திகைத்தேன். பிறகு நம் வீட்டுப் பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. அதன் உள்ளே குளிர்ச்சி, வெளிப்புறத்தில் சூடு. இதுவும் அதே வித்தைதான். எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் வெளிக்காற்றின் சொற்ப உஷ்ணத்தை வாங்கி ஆவியாகிறது. யந்திரம் அந்த ஆவியை அழுத்த, உஷ்ணம் ஏறுகிறது. அதைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. கிணற்றில் நீர் மேலே இருந்தால் இறைப்பவனுக்குச் சிரமம் குறைவு அல்லவா? இங்கேயும் அப்படித்தான். சுவரில் மாட்டும் பழைய இரும்புக் கணப்புக்கு 60, 70 டிகிரி வெந்நீர் வேண்டும். தரைக்கு 35 டிகிரியே போதும். ஆகவே ஒரு பங்கு மின்சாரம் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று பங்கு சூடு கிடைக்கிறது.

இதில் எதுவும் புதிதல்ல. ரோமாபுரியார் ஸ்நானக் கட்டடங்களின் தரையைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் அனலை ஓடவிட்டார்கள். கொரியர்கள் அடுப்புப் புகையைத் தரைக்கற்களின் கீழே செலுத்தி, 'ஒந்தோல்' என்று பெயரிட்டார்கள். வெளிக்காற்றிலிருந்தே கட்டடத்துக்குச் சூடு எடுக்கலாம் என்று வில்லியம் தாம்ஸன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1852-லேயே எழுதிவிட்டார்.

எழுதியும் என்ன? நிலக்கரி மலிவாகக் கிடைத்த தேசத்தில் யார் கேட்பார்கள்? நிலக்கரிச் சுரங்கவளம் இல்லாத சுவிட்சர்லாந்துதான் கேட்டது. 1938-ல் சூரிச் நகரமன்றத்தை லிம்மட் நதியின் சூட்டைக்கொண்டு கதகதப்பாக்கினார்கள். இங்கிலாந்தில் 1945-ல், யுத்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, நாரிச் நகர மின்சார இஞ்சினீயர் ஜான் சம்னர் பழைய உதிரிப் பாகங்களைத் தேடிச் சேர்த்து, வென்சம் நதியிலிருந்து தம் இலாகாக் கட்டடத்துக்குச் சூடு எடுத்தார். 1951-ல் லண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபமும் தேம்ஸ் நதியிலிருந்து சூடு வாங்கியது. அந்த யந்திரம் தேவைக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது, அதைக் கைவிட்டார்கள்.

மறு வருஷம், 1952 டிசம்பரில், அதே லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் கவிந்தது. வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அப்போதைய கணக்குப்படி சுமார் 4,000 பேர் மாண்டார்கள். உண்மையில் அதைவிட மிகவும் அதிகம் என்று பிற்கால ஆராய்ச்சிகள் சொல்லின. அந்த ஒரு யந்திரம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மின்சாரமும் அன்று நிலக்கரியிலிருந்துதான் வந்தது. ஆனாலும் கரியைக் குறைத்து எரிக்க ஒரு வழி கண்ணெதிரே இருந்தது; அதைத் தொடர்ந்து தேடுவாரில்லை. அதுதான் என் மனத்தை அறுக்கிறது.

கடைக்காரரிடம் கேட்டேன்: "இப்போது மட்டும் ஏன் செய்தீர்கள்?"

"2022-ல் எரிவாயு விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியாதா, ஐயா?" என்றார். தரையைப் பெயர்த்து, குழாய் பதித்து, சிமெண்டு காயும்வரை கடையைச் சாத்தி வைத்தாராம். அலமாரி பொருத்த வந்தவன் தரையைத் துளைத்து ஒரு குழாயைப் பொத்தலாக்கிய கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. தாம்ஸன் எழுதி 170 வருஷம். அறிவு வாசலில் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது; கதவைத் திறந்துவிடப் பஞ்சம்தான் வரவேண்டியிருந்தது.