ஒரே ஒரு ராஜா பேரும் சங்க காலத் தேதியும்

சங்க இலக்கியம், அப்புறம் காப்பியங்கள், பக்தி இலக்கியம், கம்பர்னு ஒரு வரிசையை ஸ்கூல்ல படிச்சிருப்போம். இந்தப் பாட்டெல்லாம் ரொம்பப் பழசு. ஆனா இந்த வரிசை அவ்வளவு பழசு இல்ல.

1859ல, இலங்கையைச் சேர்ந்த சைமன் காசிச் செட்டி தமிழ்ப் புலவர்களோட வரலாற்றை ஆங்கிலத்துல வெளியிட்டார். பேரு ‘தமிழ் புளூட்டார்க்’. அதுல புலவர்கள் எழுத்து வரிசைப்படி இருக்காங்க, நம்ம ஃபோன் கான்டாக்ட் லிஸ்ட் மாதிரி. யார் முந்தி, யார் பிந்தின்னு அடுக்கறதுக்கு அப்போ உறுதியான தேதிகள் கிடையாது.

அடுத்த சில பத்தாண்டுகள்ல ஓலைச்சுவடிகள் அச்சுக்கு வந்தன. 1887ல சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பிச்சார். உ.வே. சாமிநாதையர் 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறுன்னு கொண்டு வந்தார். இப்போ பாடின புலவர் பேர் இருக்கு, பாடப்பட்ட ராஜா பேர் இருக்கு. ஆண்டு மட்டும் இல்ல.

அங்கதான் கயவாகு வர்றார். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தப்போ இலங்கை அரசன் கயவாகு வந்திருந்தான்னு சிலப்பதிகாரம் சொல்லுது. இலங்கையோட மகாவம்சத்துல அரசர்கள் வரிசையா, ஆட்சி ஆண்டுகளோட இருக்காங்க. கஜபாகுங்கற பேர்ல ஒருத்தர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இன்னொருத்தர் 12ஆம் நூற்றாண்டு. பின்னவர் ரொம்பத் தள்ளிப் போயிடறார். அப்போ செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டு. அவரைப் பாடின புலவர்களும் அதே காலம். ரெண்டு டேபிளுக்கும் பொதுவா ஒரே ஒரு பேர், அவ்வளவுதான்! 1904ல வி. கனகசபை ஆங்கிலத்துல எழுதின நூலோட தலைப்பே ‘ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முந்தைய தமிழர்கள்’.

இதுல சிக்கலும் இருக்கு. மகாவம்சம் கஜபாகுவைப் பத்திச் சொல்லும்போது கண்ணகி பேச்சே எடுக்கல. சிலப்பதிகாரமோ காப்பியம், அரசாங்க ரெக்கார்டு இல்ல. அதனால இந்தக் கணக்கை ஏத்துக்காத அறிஞர்களும் உண்டு.

அப்போ மொத்தமும் சரிஞ்சிடுமா? இல்ல. கரூர் பக்கத்துல புகளூர் மலையில தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கு. அதுல மூணு தலைமுறைச் சேரர்களோட பேர் இருக்குன்னு 1960கள்ல ஐராவதம் மகாதேவன் காட்டினார். அந்தப் பேர்களைப் பதிற்றுப்பத்துச் சேரர்களோட பொருத்திப் பார்க்க முடியுது. எழுத்து வடிவமும் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைத்தான் காட்டுது. காப்பியம் சொன்ன காலத்துக்குப் பக்கத்துல கல்லும் வந்து நிக்குது.

அதனால, “எங்க இலக்கியம் இத்தனை ஆயிரம் வருஷம்”னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு வந்தா, பெருமைப்படறதுக்கு முன்னாடி “எதை வெச்சுச் சொல்றீங்க?”ன்னு கேளுங்க. நம்ம கிட்ட நல்ல பதிலே இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!