சிற்றாறு சேரும் முத்துக்கடல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்தில் வாழும் நாம் அருவியை நாடிச் செல்கிறோம். நம் தலையில் கொட்டிய நீர் பின்னர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் நம்பினர். அழகிய நம்பிக்கைதான், ஆனால் தன் உடலுக்குள் நுழைந்துவிட்ட ஒட்டுண்ணியையோ வேறு அந்நியப் பொருளையோ சுற்றிச் சிப்பி சுரக்கும் ஒளிப்படலமே முத்து. வானத்திற்கு அதில் பங்கில்லை.

தாமிரபரணியின் பெயரால் அழைக்கப்பட்ட முத்தைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குறிப்பிடுகிறது. கொற்கைக் கடலில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்ததாகக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் கூறுகிறது. இக்கரையில் நமது திருச்சபையின் வரலாறும் முத்தோடு பின்னிக் கிடக்கிறது. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நெருக்குண்ட பரதவர், 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித சவேரியார் வந்தது அவர்களுடைய குடிசைகளுக்கே.

சிப்பிகள் செறிந்து வாழும் கடலடித் திட்டைப் 'பார்' என்பர். பார்கள் ஆண்டுதோறும் பலன் தருவதில்லை. கிளாத்தி மீனும் திருக்கையும் சிப்பிகளைத் தின்னும். சில காலம் பார் முழுவதும் வெறுமையாகும். எனவே முதலில் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிக்க அனுமதிப்பது பழைய நிர்வாகங்களின் வழக்கம். வருவாய் ஆசை இருந்தும் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது, அதுவே கடைசி. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் அறிவியலறிஞர் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். எனினும் கடலடிப் பார்களில் பழைய செழிப்பு திரும்பவில்லை. விசைப்படகுகளின் இழுவலைகள், துறைமுக நகரின் கழிவு, சிப்பியினத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வு ஆகியவற்றுள் எதன் மீது எவ்வளவு பழி சுமத்துவது என்பது எளிதன்று.

பவளப்பாறையின் கதையில் அத்தகைய ஐயம் இல்லை. அங்கே கைக்கோடரியும் கடப்பாறையும் பிடித்தவர்கள் மனிதர்களே. கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிய பாறைகளைப் பெயர்த்து, முருகைக்கல் என்று வீடு கட்டினோம், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினோம். அலையைத் தடுத்த அரண் போயிற்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கின. 1986இல் இத்தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. தோண்டல் பெரிதும் அடங்கியபின் வெப்பம் வந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன.

1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்த இடங்களில் முருகைக்கற்கள் தெரிகின்றன. அருகே சென்று பார்ப்போர் அவ்வுயிர்கள் வாழ்ந்த சிறு சிறு குழிகளைக் காணலாம். நாம் மண்டியிட்டுச் செபித்த இடத்தையும் கடலிலிருந்து எடுத்தே கட்டினோம் என்பதைச் சொல்லாமல் பிறரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்த உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஆயினும் குளித்து முடித்தவர் கையிலிருந்து நழுவும் ஓர் ஒழிந்த உறை, ஒரு நல்ல வெள்ளத்தில் சிற்றாற்றில் இறங்கினால், சீவலப்பேரியையும் தாண்டிப் புன்னைக்காயலுக்குப் போய்விடும்.