கருவறைக்குள் சென்ற மருந்து: டி.இ.எஸ். வரலாறு



மருந்தின் தீமை அதனை உட்கொண்டவரோடு முடிந்துவிடும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். தாய் உட்கொண்டு, இருபது ஆண்டுகள் கழித்து மகளைத் தாக்கிய மருந்தொன்று உண்டு. அதன் வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

1938இல் இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீரைப் (ஹார்மோன்) போலச் செயற்படும் வேதிப்பொருளை உருவாக்கினர். அதன் பெயர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். விலை குறைவு, வாய்வழி உட்கொள்ளலாம். காப்புரிமை பெறப்படாததால் பல நிறுவனங்கள் அதனைத் தயாரித்தன. பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் இணையர், இது கருச்சிதைவைத் தடுக்கும் என்றனர். 1947இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது.

ஆனால், ஸ்மித் இணையரின் ஆய்வில் முறையான ஒப்பீட்டுக் குழு இல்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டீக்மன் குழுவினர், கருவுற்ற பெண்கள் ஏறத்தாழ 1,600 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மருந்தையும் மறுபிரிவினர்க்கு வெற்று மாத்திரையையும் தந்தனர். 1953இல் முடிவு வெளிவந்தது. மருந்தால் எப்பயனும் இல்லை! ஆயினும் மருத்துவர்கள் அதனை எழுதித் தருவதை நிறுத்தவில்லை. மருந்து பயன் தருவதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 1962இல்தான் வந்தது.

1960களின் பிற்பகுதியில், பாஸ்டன் மருத்துவர்கள் இளம்பெண்கள் சிலரிடம் மிக அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோயைக் கண்டு திகைத்தனர். நோயுற்ற மகளின் தாய் ஒருவர், தாம் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட டி.இ.எஸ். காரணமாகுமோ என வினவினார். மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் அக்கேள்வியைப் புறந்தள்ளவில்லை. நோயுற்ற 8 பேரையும் நோயற்ற 32 பேரையும் ஒப்பிட்டனர். நோயுற்ற எண்மரில் எழுவரின் தாய்மார்கள் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். மற்ற 32 பேரின் தாய்மார்களுள் ஒருவர்கூட உட்கொள்ளவில்லை.

இவ்வாய்வு 1971 ஏப்ரலில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில், கருவுற்றோர்க்கு இம்மருந்தைத் தரலாகாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. எனினும் பிரான்சில் 1977 வரை அது புழக்கத்தில் இருந்தது.

இப்புற்றுநோய் அம்மகள்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே வந்தது. பிற தீங்குகளோ பலரைத் தொட்டன. 2011இல் வெளியான ஆய்வின்படி, 45 வயதுக்குள் மகப்பேறின்மைக்கு ஆளானோர் அம்மகள்களில் 33 விழுக்காட்டினர்; ஏனையோரில் 15.5 விழுக்காட்டினர். குறைமாதப் பிறப்பும் அவர்களிடம் மிகுதி.

இயக்குநீர் மருந்துகள் அனைத்தும் தீயவை என்று யாரும் கொள்ள வேண்டா. இன்சுலினும் ஓர் இயக்குநீரே; அஃது எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காத்து வருகிறது. மருத்துவர் தரும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. இம்மருந்து எதற்கு, பயன் தரும் என்பதற்குச் சான்று என்ன, கருவுற்றிருக்கும்போது உட்கொள்ளலாமா என்று கேட்பது நம் உரிமை. கருவுற்ற காலத்தில் உட்கொண்ட மருந்துகளின் பெயர்களைக் குறித்துவைப்பதும் நன்று. அந்தத் தாயின் நினைவுதான் உண்மைக்கு வழிகாட்டிற்று.

அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கற்பிக்கும்போது, ஒப்பீடு எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை இந்த வரலாறுதான்.