உலக முடிவும் சின்னச் சிகரமும்

ஹோர்ட்டன் சமவெளியும் எல்லவின் லிட்டில் ஆடம்ஸ் பீக்கும் கொழும்பு–பதுளை ரயில் பாதையை ஒட்டியவை. பிள்ளைகளோடு மலைநாட்டுக்குப் புறப்படுகிற குடும்பம் இவற்றில் ஒன்றையாவது மனதில் வைத்திருக்கும். உயரத்தை மட்டும் பார்த்தால் தேர்வு சுலபம். ஹோர்ட்டன் 2,100 மீட்டர் அளவில் விரிந்து கிடக்கும் சமவெளி. லிட்டில் ஆடம்ஸ் பீக் என்கிற சின்னச் சிகரமோ 1,141 மீட்டரில் முடிந்துவிடும் குன்று. நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவருக்கு இந்தக் கணக்கு அதிகம் உதவாது. அவர் கேட்க வேண்டியது, எங்கே வைத்து ‘போதும்’ என்று திரும்பலாம் என்பதுதான்.

‘சமவெளி’ என்ற பெயரில் ஏமாறுவது பெரியவர்கள்தான். பெரிய ஏற்றம் இல்லையே, பிள்ளைகள் நடந்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம். பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், அதுவும் ஒரு சுற்று. சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று போய்த் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். உலக முடிவைத் தாண்டி, பிள்ளை ‘ஏலாது’ என்று புல்லில் குந்திவிட்டால், முன்னே போனாலும் பின்னே போனாலும் தூரம் பெரிதாகக் குறையாது. அதற்குப் பிறகு அப்பாவின் தோள்தான் வாகனம். படி என்றால் எண்ணிக்கொண்டே ஏறுகிற பிள்ளை, நீண்ட புல்வெளி நடையில் சீக்கிரம் அலுத்துப்போகும்.

நேரமும் நம் கையில் இல்லை. காலை ஒன்பது, பத்து மணியானால் மூடுபனி ஏறி வந்து, உலக முடிவில் ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தை மூடிவிடும். ஆகவே நுவரெலியாவிலிருந்து இருட்டோடு புறப்பட வேண்டும். அரைத்தூக்கத்தில் ஸ்வெட்டர் மாட்டி வானில் ஏற்றிய பிள்ளை, வளைவுகளில் வாந்தி எடுக்காமல் பட்டிப்பொல தாண்டினால் அதிர்ஷ்டம். வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. பிஸ்கட் உறையைப் பிரித்துக் கடதாசியில் கொட்ட வேண்டும், தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரித்துவிடுவார்கள். ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் கட்டி வந்த அம்மம்மாமார் மட்டும் நிம்மதியாக உள்ளே போவார்கள். சின்னவர்களுக்கு அங்கே உண்மையில் பிடிப்பது மரைதான். வாகனம் நிறுத்துமிடத்தருகே பயமில்லாமல் வந்து நிற்கும். அதற்குத் தீன் கொடுக்கக் கூடாது என்று விளங்கப்படுத்துவதற்குள் ஒரு பிஸ்கட் கைமாறியிருக்கும்.

எல்லவில் இந்தக் கெடுபிடி ஒன்றும் இல்லை. நுழைவுச்சீட்டு கிடையாது, உச்சி வெயிலைத் தவிர்த்து எப்போதும் ஏறலாம். போன வழியே திரும்புகிற பாதை என்பதால் எந்த வளைவிலும் நின்றுவிடலாம். பிள்ளை நடை ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் போதும். தேயிலைக்குள்ளால் போகும் வழியில் கொழுந்து எடுக்கிற அக்காமார் ‘எங்கயிருந்து வாறீங்க?’ என்று தமிழிலேயே கேட்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மலையகத்து அக்காவும் ஒருவர் பேச்சை ஒருவர் வியப்பாகக் கேட்டு நிற்பதற்கு ஹோர்ட்டனில் இடமில்லை. நாங்கள் தொப்பி போட்டு ‘மலையேற்றம்’ என்று போகிற வழி அவர்களுக்கு வேலைக்குப் போகிற வழி என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

குறைகள் உண்டு. பாதையோரக் கடைகளும், தலைக்கு மேலால் கம்பியில் பறக்கிற சிப்லைனும் பிள்ளையை மலையிலிருந்து பிடுங்கிவிடும். ‘அதில ஏறோணும்’ என்ற அழுகையோடு இறங்குகிற குடும்பங்கள் குறைவில்லை. பாதுகாப்பிலும் சின்னச் சிகரம் பெயருக்கேற்ற சின்ன விஷயமல்ல. ஹோர்ட்டனில் பயப்பட வேண்டிய விளிம்புகள் எவை என்று முன்பே தெரியும், அங்கே கையைப் பிடித்தால் போதும். இங்கே உச்சி ஒடுக்கமானது, பல பக்கமும் சரிவு. முதல் உச்சிக்கு அப்பால் பாதை சறுக்கும். சின்னவர்களோடு அங்கே போகத் தேவையே இல்லை. எதிரே எல்ல மலையும் நடுவில் எல்லப் பள்ளத்தாக்கும் முதல் உச்சியிலிருந்தே முழுதாகத் தெரியும்.

கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை எல்ல என்பது என் கணிப்பு. ஹோர்ட்டனின் பனிக்காற்றையும் ஓடையையும் சிவப்பு ரோடோடென்ட்ரன் பூவையும் காட்டாமல் விடவும் மனம் வராது. போவதென்றால், சின்ன உலக முடிவோடு கடைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போவது யார் என்று முதல்நாள் இரவே பேசிவிட வேண்டும். விடியமுன் எழும்பி, காசும் கட்டி வந்த பிறகு, பாதி வழியில் எவரும் தானாகத் திரும்பமாட்டார். வான் திறப்பும் அந்தத் திரும்புகிறவரிடம்தான் இருக்க வேண்டும்.