பெயரை விற்க எத்தனை வயது ஆக வேண்டும்?
கேமரன் மலைத் தேயிலை முதல் இணையப் பெயர் வணிகம் வரை

கேமரன் மலைக்குப் பெயர் வந்த கதை சற்று விசித்திரமானது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர், பகாங் மலைத்தொடரில் பரந்த மேட்டு நிலம் ஒன்றைக் கண்டதாகத் தெரிவித்தார். ஆனால் அந்த இடம் எங்கே என்பதை அவர் வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்து, அதை மலைவாசத்தலமாக மேம்படுத்தலாம் என்று கூறிய பிறகுதான் வேலைகள் வேகம் பிடித்தன. வரைபடம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

பெயருக்கு இருக்கும் அந்தச் சக்திதான் இன்று இணையத்தில் ஒரு வணிகமாக வளர்ந்திருக்கிறது. ஒரு நிறுவனம், ஓர் ஊர், ஒரு பொருள் ஆகியவற்றின் பெயரை இணைய முகவரியாக முதலில் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டியவருக்கு விற்பது அந்த வணிகம். இதில் இறங்குபவர்களில் பள்ளி மாணவர்களும் இருக்கிறார்கள். 16 வயதுப் பையன் விற்கும் பெயரைப் பணம் கொடுத்து வாங்கலாமா? கேள்வி புதிது. ஆனால் அதற்கான பதிலை நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டன.

பொட்டலத்தின் மேல் இருந்த நம்பிக்கை

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே செல்லும் சாலை 1931இல்தான் நிறைவு பெற்றது. 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் நிறுவனம் தொடங்கப்பட்டது. காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

போ என்ற பெயர், சீனாவின் தேயிலை மலையான பொஹீயாவிலிருந்து வந்தது என்பார்கள். எப்படி வந்திருந்தாலும், கடையில் தேயிலை வாங்குபவர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்குவதில்லை. பெயரைப் பார்க்கிறார், வாங்குகிறார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தோட்டம், ஒரு தொழிற்சாலை, பொறுப்பேற்க ஒரு நிர்வாகம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் காரணம். டார்ஜிலிங் என்ற பெயரைக் கண்டவரெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான், 2004இல் இந்தியா தனது முதல் புவிசார் குறியீட்டை டார்ஜிலிங் தேயிலைக்குக் கொடுத்தது.

தோட்டத்தில் வயது

அந்தக் காலத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி. பிறப்புப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் ஏராளம். பெரட்டில் வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன வயது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டியிருந்தது. 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவர்களைச் சிறுவர் என்று வரையறுத்து, அவர்களை வேலைக்கு வைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. உழைப்பை விற்க ஒரு வயது எல்லை தேவை என்பதை நாடு அப்படி ஏற்றுக்கொண்டது.

சொத்தை விற்பதற்கான எல்லை அதற்கு முன்பே வந்துவிட்டது. அது கல்கத்தாவில் தொடங்கிய கதை.

கல்கத்தாவில் ஒரு கையெழுத்து

1895ஆம் ஆண்டு ஜூலை மாதம், தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் தம் வீடுகளை ஒரு வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். தாம் உரிய வயதை அடைந்துவிட்டதாகவும் கையெழுத்துப் போட்டார். உண்மையில் அவர் இன்னும் மைனர். சாதாரணமாக 18 வயது என்றாலும், நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் அன்றைய சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். அவருடைய தாயாரே அந்தக் காப்பாளர். மகன் மைனர் என்று வட்டிக்காரரின் தரப்புக்கு முன்கூட்டியே கடிதமும் போயிருந்தது. தெரிந்தே கடன் கொடுத்தார்கள்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1903இல் தீர்ப்பு வந்தது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அது ஒப்பந்தமே அல்ல. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடவும் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். மொஹோரி பீபி வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றியே மலாயாவின் ஒப்பந்தச் சட்டமும் எழுதப்பட்டது. அதனால் அந்தத் தீர்ப்பும் கடல் கடந்து வந்தது. 1934இல் மலாயாவில் ஒரு மைனர் தம் நிலத்தை விற்று, அது முறைப்படி பதிவும் செய்யப்பட்டது. விற்பனை செல்லாது, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் கூறியது. வாங்கியவர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர உத்தரவு போடவில்லை. நிலமும் போனது, பணமும் போனது.

இன்று மலேசியாவில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அதே விதியைச் சொல்கிறது. அந்த வயது 18 என்று 1971ஆம் ஆண்டின் சட்டம் நிர்ணயித்தது. ஓட்டுப் போடும் வயதோ 2021 டிசம்பர் வரை 21ஆக இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தகுதி பெற்ற 18 வயது இளைஞருக்கு ஓட்டுச் சீட்டில் புள்ளடி போடத் தகுதி இல்லை.

விதிவிலக்குகளும் உண்டு. 1958இல், இலங்கை வம்சாவளி இந்துக்கள் இருவருக்கிடையே ஏற்பட்ட வழக்கில், திருமண உறுதிமொழி மற்ற ஒப்பந்தங்களைப் போன்றதல்ல என்று கூறி நீதிமன்றம் பெண்ணுக்கு இழப்பீடு கொடுத்தது. 1976இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், உபகாரச் சம்பளம் வாங்கும் மாணவர் மைனர் என்பதற்காக அந்த ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று ஆக்கியது. படிப்புக்கு விலக்கு கொடுத்த சட்டம், வியாபாரத்திற்கு அப்படிக் கொடுக்கவில்லை.

முகம் தெரியாத சந்தை

1985இல் முதல் டாட் காம் பெயர் பதிவானது. 1987இல் மலேசியாவுக்கு டாட் எம்ஒய் கிடைத்தது. டாட் காம் டாட் எம்ஒய் பெயர் வேண்டுமானால் நிறுவனப் பதிவுச் சான்று காட்ட வேண்டும். வெறும் டாட் காம் என்றால் அப்படிப்பட்ட ஆதாரம் எதுவும் தேவையில்லை; முந்தியவருக்கே முதல் உரிமை. 18 வயது ஆகிவிட்டது என்று ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். 1895இல் கோஷ் போட்ட கையெழுத்துக்கும் இந்தக் குறிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2003இல் கனடாவில் மைக் ரோ என்ற 17 வயது மாணவர், தம் பெயரோடு சாப்ட் என்ற சொல்லைச் சேர்த்து ஒரு முகவரி பதிந்தார். உச்சரித்தால் மைக்ரோசாப்ட் போலவே ஒலித்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் 10 டாலர் தருவதாகச் சொன்னார்கள். மாணவர் 10,000 டாலர் கேட்டார். உலகப் பத்திரிகைகள் எழுதின. 2004 தொடக்கத்தில் சமாதானம் ஏற்பட்டு, அவர் பெயரை விட்டுக்கொடுத்தார். மைனர் ஒருவர் பதிந்த பெயருக்காக உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று பேரம் பேச வேண்டியிருந்தது.

அதே 2004இல், சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் வழக்கில், இணையப் பெயருக்கும் வணிக முத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பெயர் என்றால் கதை வேறு. பார்சலோனா டாட் காம் பெயரை நகராட்சிக்குக் கொடுக்கும்படி 2000இல் நடுவர் சொன்னார். 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பதிந்தவருக்கே திருப்பிக் கொடுத்தது. ஆக, கேமரன் மலை போன்ற ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்து யாரோ ஒருவர் முகவரி பதிந்திருந்தால், அதை மாவட்ட நிர்வாகம் எளிதில் கேட்டு வாங்கிவிட முடியாது. விடுதி நடத்துபவரோ ஸ்ட்ராபெரி தோட்டக்காரரோ விலை பேசித்தான் ஆக வேண்டும்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

நேரில் என்றால் விற்பவரின் மைகார்டைக் கேட்கலாம். அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லிவிடும். 12 வயதிலேயே அட்டை கிடைக்கிறது என்பதால், அட்டை இருக்கிறது என்பது மட்டும் போதாது; எண்ணைப் படிக்க வேண்டும். இணையத்தில் முன்பு பதிவாளரின் பெயரையும் முகவரியையும் யாரும் பார்க்க முடிந்தது. 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அவை பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. வயது அப்போதும் அதில் இருந்ததில்லை.

ஆகவே பெயர் வாங்குவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவர் யார், அவருக்கு வயது என்ன என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பணத்தை நேரடியாகக் கொடுக்காமல், பெயர் கைமாறும் வரை பணத்தை வைத்திருக்கும் இடைநிலைச் சேவை வழியாகச் செலுத்த வேண்டும். விற்பவர் மைனர் என்றால், பெற்றோர் தம் பெயரில் பதிந்து, தாமே விற்பவராகக் கையெழுத்திட வேண்டும். பையனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பா சாட்சியாக நிற்பது போதாது.

இதில் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு. சட்டம் மைனரைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் பொய் வயது கொடுத்துப் பதிந்த பெயரைப் பதிவு நிறுவனம் ரத்து செய்யலாம். மாதக்கணக்கில் உழைத்து அமைத்த தளம் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம். தோட்டத்துப் பிள்ளை கணினியில் காட்டும் திறமையைத் தடுக்க வேண்டியதில்லை. அவன் பதிகிற பெயர் 18 வயது வரை வீட்டுப் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். தேயிலைப் பொட்டலத்தின் மேல் உள்ள பெயரை மக்கள் நம்புவதற்குக் காரணம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதுதான். இணையத்தில் விற்கிற பெயருக்கும் அதே ஆள் வேண்டும்.