அலை நனைக்கும் பாறையும் மழை நனைக்கும் பாறையும்

சேலம், நாமக்கல் பள்ளிகளின் டூர் பஸ் பெரும்பாலும் ஒரே சாலையைப் பிடித்துத்தான் தெற்கே போகும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு, கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் போய் முடிகிறது. 400 கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரி ஏறினால் சூரிய உதயத்துக்கு இறங்கிவிடலாம். அப்புறம் படகு, விவேகானந்தர் பாறை, சிப்பி மாலைக் கடை, மறுபடி பஸ். கரையோரம் கறுத்துக் கிடக்கும் பாறையைக் குனிந்து பார்க்க அட்டவணையில் இடம் இருக்காது. ஊர் திரும்பினால் கரட்டுப் பாறையின் கதியும் அதுதான். ஆடு ஓட்டுகிறவர்களைத் தவிர அங்கே யாருக்கும் வேலையில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நிலவியலே ஒரு சாக்குத் தருகிறது. சேர்வராயன் மலையும் சரி, குமரிமுனையும் சரி, சார்னோகைட் பாறைக்குப் பேர் போனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. அந்தக் கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். ஆக, ஏற்காட்டு அடிவாரத்துப் பிள்ளை குமரியில் மிதிப்பது ஒருவகையில் சொந்த ஊர்க் கல். தண்ணீர் வருகிற கணக்குத்தான் வேறு.

கடல் தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் நீர் பல மீட்டர் வடியும். கடலின் தரையிலேயே வெகுதூரம் நடந்து பார்க்கலாம். நம் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் பாறையில் வாழும் கூட்டமெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குள் நெருக்கியடித்துக் குடியிருக்கிறது. மேலே, அலைத் தெறிப்பு மட்டும் படும் வெடிப்புகளில் பொடி நத்தைகள். அதற்குக் கீழே கொட்டலசு. இன்னும் கீழே, குமரி மாவட்டத்தில் முங்கிப் பெயர்த்தெடுத்து விற்கிறார்களே, அந்தச் சிப்பி. அடியில் பாசியும் கடல் சாமந்தியும்.

இந்த வரிசை எப்படி வந்தது? சூழலியலாளர் ஜோசப் கொன்னெல் ஸ்காட்லாந்துக் கரையில் கொட்டலசுகளை வைத்துச் சோதித்து 1961இல் பதில் எழுதினார். மேல் எல்லையை வெயிலும் வறட்சியும் வகுக்கின்றன. கீழ் எல்லையைப் போட்டிக்காரர்களும் தின்னிகளும் வகுக்கிறார்கள். கொட்டலசில் சிறிய இனம் கீழேயும் வாழக்கூடியதுதான். அங்கே பெரிய இனம் நெருக்கித் தள்ளுவதால் யாருக்கும் வேண்டாத மேட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கொட்டலசைப் பார்த்தால் யாரும் சிப்பி வகை என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. குஞ்சாக நீந்தித் திரிந்து, இடம் பார்த்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டால் பிறகு ஆயுளுக்கும் நகராது. நீர் ஏறும்போது ஓட்டுக் கதவைத் திறந்து இறகு மாதிரியான கால்களை வெளியே வீசி இரையை வாரும். நீர் இறங்கினால் உள்ளே ஈரத்தோடு கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு குழியோரம் பத்து நிமிஷம் சத்தமில்லாமல் உட்கார வைத்தால் போதும், “சார், இது உசுரோட இருக்குதுங்க!” என்று ஒரு பிள்ளையாவது கத்தும்.

கரட்டுப் பாறைக்கு ஓதம் கிடையாது. ஆவணியில் இடிமழை, ஐப்பசியில் அடைமழை. மற்ற நாளெல்லாம் வெயில். பாறைத் தளத்தின் பள்ளங்களில் சாண் ஆழத்துக்குத் தேங்கும் நீர் சில வாரத்தில் வற்றிவிடும். இப்படிப்பட்ட குழிகளிலும் மழைக்குட்டைகளிலும்தான் ஓடில்லாத ஓர் இறால் வகை வாழ்கிறது. ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்பது அதில் ஒரு பேரினம். எல்லாக் குழியிலும் இருக்காது, தேடத்தான் வேண்டும். ஓர் அங்குல நீளம், கண்ணாடி உடம்பு, பதினோரு ஜோடிக் கால்கள். மல்லாந்தே நீந்தும். மழை பெய்து ஓரிரு நாளில் பொரித்து, ஓரிரு வாரத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, குழி வற்றும்போது செத்துவிடும். முட்டை மட்டும் காய்ந்த வண்டலில் வருஷக்கணக்கில் கிடக்கும். அடுத்த மழையில் எல்லா முட்டையும் பொரிவதும் இல்லை. மழை ஏமாற்றினால் என்ன செய்வது என்று ஒரு பங்கு மிச்சமிருக்கும். மானாவாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டு உயிரையும் பக்கத்தில் வைத்தால் உறவு தெரிகிறது. இரண்டுமே கால்களால்தான் இரையைச் சேர்க்கின்றன. முட்டையை விட்டு வரும் குஞ்சு இரண்டிலும் ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடி உறுப்பும் கொண்ட ஒரே வடிவம். பிழைக்கும் தந்திரமும் ஒன்றேதான். கொட்டலசு போட்டிக்காரன் ஏறமுடியாத வெயிலில் ஒதுங்குகிறது. குழி இறால் மீன் தங்கமுடியாத வற்றும் நீரில் ஒதுங்குகிறது. நிரந்தரக் குளத்தில் விட்டால் மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். கஷ்டமான இடம்தான் இரண்டுக்கும் காவல்.

ஆனால் பாடம் நடத்துகிறவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. கடற்பாறையில் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால் ஒரே பார்வையில் விஷயம் பிடிபடும்; வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்குத் தோதானது. கரட்டுக் குழிக்கு ஒருநாள் போனால் சேற்றுத் தண்ணீர்தான் தெரியும். மழைக்கு மறுநாள், அடுத்த வாரம், வற்றுகிறபோது என்று திரும்பத் திரும்பப் போகவேண்டும். உள்நாட்டுப் பள்ளிக்கு அந்த வசதி இருக்கிறது. இயற்கையைப் பார்க்கக் கடலுக்குத்தான் போகவேண்டும் என்ற நினைப்பில் அதை வீணாக்குகிறோம் என்பது என் எண்ணம். குழியைப் பார்த்துப் பழகிய பிள்ளை கடற்பாறையில் சரியான கேள்வி கேட்கும்.

ஆபத்து இரண்டிலும் உண்டு. 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கை இருந்த நேரம். பஸ் கிளம்புமுன் கடல் எச்சரிக்கையைப் பார்ப்பது ஆசிரியரின் முதல் வேலை. நம் பக்கத்தில் கரட்டை விடக் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம்தான் எமன். அந்தப் பக்கமே போகக்கூடாது.

சட்டத்தில் மட்டும் பாரபட்சம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குத் தேசியப் பூங்கா என்ற அந்தஸ்து உண்டு. பவளத்துக்கும் கடல் அட்டைக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பு உண்டு. கரட்டுக் குழிக்கு யாரும் காவலில்லை. பாறையை வெடிவைத்து ஜல்லியாக்கும்போது அதன் வண்டலும் முட்டையும் லாரியேறிவிடும்.

சித்திரையில் காய்ந்த குழியிலிருந்து ஒரு பிடி வண்டல் எடுத்து, பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் போட்டு, வெளிச்சமான ஜன்னலோரம் வைக்கலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. குழியில் முட்டை இருந்தால் இரண்டு மூன்று நாளில் பொட்டுப் பொட்டாக ஏதோ துள்ளும், கைலென்ஸ் போதும். ஒரு பிடிக்கு மேல் எடுக்கவேண்டாம், குழியை வழித்துவிட்டால் ஐப்பசியில் அங்கே பொரிக்க ஒன்றும் மிஞ்சாது.